பண்டிகை நாளில் ஒரு மயக்கம்

கடந்த கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை. தரங்கம்பாடியை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் ஆலயத்தில் அன்று அருளுரை ஆற்றியவர் ஒரு மூத்த மிஷனரி. வட மாநில மலைக்கிராமங்களில் முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்து, ஓய்வுக்குப்பின் ஊர் திரும்பியவர். வயது எழுபத்து நான்கு. பேச்சின் நடுவே சட்டென்று மௌனமானார். ஏதோ நினைவில் நெகிழ்ந்துவிட்டார் என்றே நாங்கள் எண்ணினோம். அடுத்த கணம் பிரசங்க பீடத்தைப் பற்றியபடியே சரிந்து உட்கார்ந்தார். அந்த மார்கழிக் குளிரிலும் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

சபையில் செவிலியர் ஒருவர் இருந்தது நல்லதாயிற்று. இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. முந்தின இரவு பாடகர் குழுவோடு வீடு வீடாக நடந்திருக்கிறார். விடியலில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, திருவிருந்துக்கு முன் எதுவும் உண்பதில்லை என்ற பழைய வழக்கப்படி வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார். சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்த கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றபடி எழுந்து அருளுரையையும் முடித்தார். மதியம் பந்தியில் அவரே பரிமாறிக்கொண்டிருந்தார். "ஐயாவுக்கு என்ன வைராக்கியம்!" என்று ஊரே வியந்தது. நானும் வியந்தேன். மாலையில்தான் அந்த வியப்பு உறுத்தத் தொடங்கியது.

மறுநாள் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போயிருந்தேன். சீகன்பால்க் கட்டிய ஆலயம் அது. 1706 ஜூலையில் இக்கரையில் இறங்கியவர் அவர். இளமையிலேயே நலிந்த உடல். உடல்நலக் குறைவால் ஹாலே நகரில் தம் படிப்பையே தொடர முடியாமல் போனவர். அந்த உடலோடுதான் தமிழ் கற்றார், சிறை சென்றார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். ஆலயம் திறக்கப்பட்டது 1718 அக்டோபர் 11. அவர் இறந்தது 1719 பிப்ரவரி 23. தாம் கட்டிய ஆலயத்தில் அவர் கண்டது ஒரே ஒரு கிறிஸ்துமஸ்தான். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அவருடைய மரணத்தை நாம் தியாகம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்கு முந்தைய சிறு நலிவுகளுக்கு நம் சரித்திரங்களில் இடமில்லை. அன்று கோபன்ஹேகனில் மிஷன் செயலராக இருந்த வென்ட், மிஷனரிகளின் வாழ்வில் எளிமை போதவில்லை என்று கடிந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கட்டடமும் குடும்பமும்கூட அவர் கண்ணுக்கு ஆடம்பரமாகவே பட்டன. அத்தகைய மேலிடத்துக்கு முன் "எனக்கு உடம்புக்கு முடியவில்லை" என்று சொல்ல யாருக்குத்தான் நா எழும்?

ஆனால் அதே தரங்கம்பாடியில் உடலை மதித்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சீகன்பால்கின் தோழர் கிருண்ட்லர் தமிழ் மருத்துவத்தைக் கற்று 1711இல் அதைப்பற்றி ஒரு நூலே எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அது அச்சேறாமல் நெடுங்காலம் கையெழுத்துப்படியாகவே கிடந்தது. மிஷனுக்கென்று ஒரு மருத்துவர், ஷ்லேகல்மில்ஹ், வந்து சேர்ந்தது 1730இல்தான். அவரும் அதே ஆண்டில் மாண்டார். உடலைக் கவனிக்க வேண்டும் என்ற அறிவு இங்கே இல்லாமலில்லை. அது எப்போதும் ஊழியத்துக்கு அடுத்த வரிசையிலேயே நின்றது.

அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அச்சுக்கூடம் ஏது, பள்ளிகள் ஏது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தன்னைத் தேய்த்துக்கொள்ளாமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. ஆனால் வேறு வழியின்றித் தேய்வது ஒன்று. வழியிருந்தும், பார்ப்பவர் மெச்சுவதற்காகத் தேய்வது வேறொன்று. எழுபத்து நான்கு வயதுக்காரர் காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டு வருவதால் எந்த ஊழியமும் குறைந்துவிடாது. அவரைப் பட்டினியோடு நிற்க வைத்தது விசுவாசம் மட்டும்தானா? நம்முடைய வியப்புக்கும் அதில் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. தேவாலயம் என்றில்லை, திருவிழாவில் நாள் முழுக்க நிற்கும் வயதான குருக்களுக்கும், நோன்பு மாதத்தில் மாத்திரையை மறைக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும். சுற்றியிருக்கும் நாம் கைதட்டுவதை நிறுத்தினால் அவர்கள் உட்காரத் துணிவார்கள்.

புத்தாண்டு ஆராதனைக்கு அவர் உணவருந்திவிட்டுத்தான் வந்தார். செவிலியரின் கண்டிப்பு. பீடத்தருகே ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அதில் அமர்ந்தே பேசினார். ஒரு பெரியவர் மட்டும், "அந்தக் காலத்து ஐயர்மார் இப்படியா?" என்று முணுமுணுத்தார். அந்தக் காலத்து ஐயர்களில் ஒருவர் முப்பத்தாறு வயதிலேயே போய்ச் சேர்ந்தார் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். பண்டிகை நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.