ஆழத்துக்கு உள்ள விதி, படகுக்கு எங்கே?

மாலத்தீவில் விமானம் இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. சொகுசு விடுதிக்குப் போகிறவர்களை வேகப்படகுகள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் நிற்கும் கூட்டத்தைப் பைகளை வைத்தே அடையாளம் காணலாம்: ஃபின்னின் முனை துருத்திக்கொண்டிருக்கும், கேமரா பெட்டி ஒரு குழந்தையின் எடை இருக்கும். இவர்கள் ஒரு வாரம் கரை மிதிக்கப்போவதில்லை. ஆளில்லாத தீவு ஒன்றில் ஒரு மாலை மீன் சுட்டுச் சாப்பிடுவதைத் தவிர, உண்பது, உறங்குவது, கடலில் குதிப்பது எல்லாமே ஒரே படகிலிருந்துதான். உலகம் இதை லிவ்அபோர்டு என்கிறது. மாலத்தீவுக்காரர்களுக்கு இது சஃபாரி படகு.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இது ஐரோப்பியர்களின் விளையாட்டு. இப்போது சென்னை, பெங்களூரு ஐடி இளைஞர்கள் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்றுக்கொண்டு, அடுத்த விடுமுறைக்கே நண்பர்களோடு சஃபாரி படகில் இடம் பிடிக்கிறார்கள். ஒன்றரை, இரண்டு லட்சம் ரூபாய் ஆகும் பயணம் என்பதால் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை பலமாகவே நடக்கும். சைவச் சாப்பாடு கிடைக்குமா? வைஃபை உண்டா? மாந்தா திருக்கை நிச்சயம் தென்படுமா? இதற்கு நடுவே, ராத்திரி படகில் தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவது என்று ஒருவர் கேட்டுவிட்டால் போச்சு. வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று மொத்தக் குழுவும் அவர்மேல் பாய்ந்துவிடும்.

கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஆபத்துக்கு ஸ்கூபா உலகம் கட்டி வைத்திருக்கும் ஒழுங்கு அசாத்தியமானது. தண்ணீருக்கு மேலே, பயணிகள் கண்ணயரும் படகின் விஷயத்தில் அதே உலகம் காட்டும் அலட்சியமும் அசாத்தியமானது.

கீழே உள்ள ஒழுங்கை முதலில் பார்க்கலாம். பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகும், இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழாகப் பிரிந்து மூட்டு, நரம்பு, தண்டுவடம் என்று எங்கு வேண்டுமானாலும் போய் அடைக்கும். அதற்காகத்தான் கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது, மேலே வரும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறது. மாலத்தீவுச் சட்டப்படி பொழுதுபோக்கு டைவர் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. நாளுக்கு மூன்று நான்கு முறை இறங்குகிறவர்களுக்கு ஆக்சிஜன் அதிகம் கலந்த நைட்ராக்ஸ் உண்டு. பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர் கடைசி முறை மேலே வந்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பொது வழக்கம். பெரும்பாலான படகுகள் ஒரு முழு நாளே விட்டுவிடும். இவ்வளவையும் மீறி ஏதாவது ஆனால், மாலேக்குப் பக்கத்தில் பந்தோஸ் தீவில் அழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது.

மாலத்தீவில் நடக்கும் ஒரு 'கந்து' டைவைப் பார்த்தால் இந்தக் கெடுபிடியின் அருமை தெரியும். கந்து என்பது வட்டப் பவளத்திட்டின் உள்கடலையும் வெளிக்கடலையும் இணைக்கும் வாய்க்கால். வெளிக்கடல் நீர் உள்ளே பாயும் நேரத்தில் இறங்க வேண்டும், ஏனென்றால் சுறாக்கள் வாய்க்கால் முகப்பில் கூடுவது அப்போதுதான். கைடு முதலில் தான் மட்டும் குதித்து நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்த்துவிட்டு வருவார். வெள்ளைப் பலகையில் பாறையை வரைந்து, எங்கே இறங்குவது, எங்கே கொக்கி மாட்டுவது, எத்தனை பார் காற்று மிச்சம் இருக்கும்போது கிளம்புவது என்று பத்து நிமிடம் பாடம் எடுப்பார். கீழே போனதும் ஒவ்வொருவரும் செத்த பாறை விளிம்பாகப் பார்த்து சிறிய இரும்புக் கொக்கியை மாட்டி, காற்றில் பறக்கும் பட்டம்போல நீரோட்டத்தில் மிதந்தபடி நிற்பார்கள். முகமூடி அதிரும். சற்றுத் தள்ளி சாம்பல்நிறச் சுறாக்கள் வாலை அசைக்காமல் அதே ஓட்டத்தில் நின்றுகொண்டிருக்கும். மாலத்தீவு 2010இல் சுறா பிடிப்பதையே தடை செய்துவிட்டது. செத்த சுறாவை விற்றால் மீனவருக்கு 32 டாலர் கிடைக்கும், அதே சுறா உயிரோடு இருந்தால் டைவர்கள் மூலம் ஆண்டுக்கு 3,300 டாலர் வரும் என்று 1993இலேயே அங்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். கணக்குப் போடத் தெரிந்த நாடுதான்.

இனி மேலே வரலாம்.

இரவு பத்து மணிக்கு ஒரு சஃபாரி படகின் கூடத்தைப் பார்த்தவருக்கு இந்தக் காட்சி பழக்கம். மூலையில் ஒரு மேசை. அதன் மேல் நான்கைந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள், ஒன்றில் ஒன்று செருகியபடி. கேமரா பேட்டரி, டைவ் டார்ச், லேப்டாப், ட்ரோன், ஆளுக்கு இரண்டு போன். சிவப்பும் பச்சையுமாகச் சின்ன விளக்குகள் கண்சிமிட்டும். அதில் பல உப்புத்தண்ணீர் பட்டவை. பக்கத்தில் திரைச்சீலை, சோபா, மரப் பலகை. அதற்கு நேர் கீழே இருபது பேர் தூங்குகிறார்கள். நான்கு முறை கடலில் இறங்கி ஏறிய உடம்பு அடித்துப்போட்டதுபோலத் தூங்கும்.

கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் நங்கூரமிட்டிருந்த 'கன்செப்ஷன்' படகும் இப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தது. தீ நடுத்தளக் கூடத்தில் பரவியது. கீழ்த்தளப் படுக்கை அறையிலிருந்து வெளியே வர ஒரு படிக்கட்டும் ஒரு அவசர வழியும் இருந்தன. இரண்டுமே போய்ச் சேர்வது எரிந்துகொண்டிருந்த அதே கூடத்துக்கு. பயணிகள் 33 பேரும் ஊழியர் ஒருவரும் இறந்தார்கள். மேலே படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் தப்பினார்கள். தீ எதனால் பிடித்தது என்று கடைசிவரை உறுதியாகவில்லை, அந்தக் கூடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரிகள்மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒன்றில் சந்தேகமே இல்லை: சட்டம் கட்டாயமாக்கியிருந்த இரவு ரோந்து அன்று இல்லை. கேப்டனுக்கு 2024இல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் படகு அரசின் சோதனையில் தேறிய படகு என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்தும் தகவல்.

அது குளிர்ந்த கடல், வெப்பக்கடல் படகுகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்பவர்களுக்குச் செங்கடல் இருக்கிறது. 2023 ஜூன் 11 காலை, எகிப்தில் 'ஹரிகேன்' என்ற படகில் அன்றைய முதல் டைவுக்கான விளக்கம் நடந்துகொண்டிருந்தபோது தீ மூண்டது. விளக்கத்துக்கு வந்திருந்தவர்கள் பிழைத்தார்கள். அன்று டைவ் வேண்டாம் என்று ஒதுங்கிய மூன்று பிரிட்டன் பயணிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 25 விடியற்காலையில் 'சீ ஸ்டோரி' சில நிமிடங்களில் கவிழ்ந்தது. கவிழ்ந்த படகுக்குள் காற்று தேங்கிய மூலைகளில் முப்பது மணி நேரத்துக்கும் மேலாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர்களை டைவர்கள் உள்ளே புகுந்து மீட்டார்கள். பதினொரு பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரிய அலை அடித்துவிட்டது என்றது எகிப்து நிர்வாகம். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2025இல் விட்ட எச்சரிக்கை, ஐந்தாண்டுகளில் செங்கடலில் இத்தகைய படகுகள் 16 விபத்துகளில் சிக்கியதைச் சுட்டிக்காட்டியது. அத்தனை தடவையும் பெரிய அலையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள இடம். அருகிலுள்ள நகரம் சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில். படகிலேயே தங்கித்தான் பார்க்க முடியும், அதுவும் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடு வரை மட்டும். அங்கே 2023 ஏப்ரல் கடைசியில் 'ட்ரீம் கீப்பர்' மூழ்கியது. 32 பேரில் நான்கு பேர் கிடைக்கவே இல்லை.

காரணங்களைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. லிவ்அபோர்டு என்பது ஒரு ஹோட்டலையும், டீசல் கிடங்கையும், காற்று நிரப்பும் கம்ப்ரசர் பட்டறையையும் ஒரே மரக்கட்டுமானத்துக்குள் அல்லது ஃபைபர் கூட்டுக்குள் அடைத்த ஏற்பாடு. ஏசி இரவு முழுக்க ஓட ஜெனரேட்டரும் இரவு முழுக்க ஓட வேண்டும். போட்டி கூடக்கூட மேலே ஒரு தளம், அதற்கு மேலே வெயில்காயும் தளம், அதில் ஒரு ஜக்கூசி தொட்டி. ஒவ்வொரு தளமும் படகின் எடை மையத்தை மேலே தூக்குகிறது. மேலே கனம் கூடிய படகு அலையில் சாய்ந்தால் நிமிர்வது கடினம். இது தமிழ் வாசகருக்குப் புதிய பாடம் அல்ல. 2009இல் தேக்கடியில் அடுக்குப் படகின் பயணிகள் விலங்கைப் பார்க்க ஒரு பக்கமாக நகர்ந்ததும் கவிழ்ந்து 45 பேர் போனார்கள். 2023 மே மாதம் தானூரில் 22 உயிர்களைப் பறித்தது சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு. ஏரியிலும் கழிமுகத்திலும் செல்லுபடியாகும் இயற்பியல்தான் நடுக்கடலிலும்.

மாலத்தீவுக்கு இரண்டு விஷயத்தில் நல்ல பேர் கொடுக்கலாம். அங்கே சிலிண்டர், கம்ப்ரசர் எல்லாம் 'தோனி' என்ற துணைப்படகில் இருக்கும். பெரிய படகுக்கு ஏதாவது ஆனால் ஏறிக்கொள்ள ஆளும் இன்ஜினும் உள்ள இன்னொரு படகு கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. இரண்டாவது, பவளப்பாறைக்குப் பயந்து பெரும்பாலான படகுகள் இரவில் ஓடுவதில்லை, திட்டுக்குள் அமைதியான நீரில் நங்கூரம் போட்டுவிடும். இந்த இரண்டுமே பாதுகாப்புக்காக யோசித்துச் செய்தவை என்று சொல்ல முடியாது, தொழில் அப்படி அமைந்திருக்கிறது. தீ விஷயத்தில் நங்கூரம் போட்டது ஒரு காப்பும் அல்ல. கன்செப்ஷனும் நங்கூரத்தில்தான் இருந்தது.

வாரந்தோறும் நூற்றுக்கணக்கான படகுகள் போய்ப் பத்திரமாகத் திரும்புகின்றனவே, இதை ஏன் ஊதிப் பெரிதாக்க வேண்டும் என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே நியாயத்தைத் தண்ணீருக்குக் கீழே யாரும் பேசுவதில்லை. ஐந்து மீட்டரில் நிற்காமல் மேலே வந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக எந்தக் கைடாவது நிற்க வேண்டாம் என்பாரா?

கன்செப்ஷன் விபத்துக்குப் பிறகு அமெரிக்கா விதிகளை இறுக்கியது: ஓர் அறையில் புகை கண்டால் எல்லா அறையிலும் அடிக்கும் எச்சரிக்கை மணி, ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு வெளியேறும் வழிகள், காவலாளி விழித்திருக்கிறாரா என்று கண்காணிக்கும் கருவி. வெப்பக்கடல் நாடுகளில் இது படகுக்குப் படகு மாறுகிறது. படகு ஒரு நாட்டில் பதிவாகியிருக்கும், உரிமையாளர் இன்னொரு நாட்டில், விற்கும் இணையதளம் மூன்றாவது நாட்டில். அந்த இணையதளங்களில் மசாஜ் உண்டா என்று தேட வசதி இருக்கும். அவசர வழி எங்கே திறக்கிறது என்று தேடிப் பார்க்க வழி இருக்காது.

ஆகவே வேலை பயணியின் தலையில் விழுகிறது. முதல் மாலை படகேறியதும் உடைமைகளை வைத்துவிட்டு, தன் கேபினிலிருந்து அவசர வழியாக ஒருமுறை உடம்பை நுழைத்து வெளியே வந்து பார்க்க வேண்டும். அதன் மேல் மெத்தையோ பூட்டோ இருந்தால் அன்றைக்கே சண்டை போட வேண்டும். லைஃப் ஜாக்கெட் கேபினில் இருக்கிறதா, கூடத்துப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை ஆள் விழித்திருக்கும் நேரத்தில், திறந்த தளத்தில் சார்ஜ் போடுவது என்று குழுவாகவே முடிவெடுக்கலாம். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தால் ஒரு நடை வெளியே வந்து, யாராவது விழித்திருக்கிறார்களா என்று பார்ப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இதையெல்லாம் தனியாளாகக் கேட்பவருக்குப் புன்னகைதான் பதிலாகக் கிடைக்கும். ஆனால் இந்தியக் குழுக்களில் பல முழுப் படகையுமே வாடகைக்கு எடுக்கின்றன, பேசி முடிப்பது இங்குள்ள டைவ் பள்ளியோ ஏஜென்ட்டோதான். விலையில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லி அவர்கள் பேரம் பேசுவது ஊரறிந்தது. அதே பலத்தைக் கொண்டு, படகின் சோதனைச் சான்றிதழின் நகலையும், இரவு முழுக்க விழித்திருக்க ஓர் ஊழியரையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். அந்த ஊழியரின் ஒரு வாரச் சம்பளத்தை இருபது பேர் பகிர்ந்தால், தலைக்குப் படகு பாரில் ஒரு பீர் விலைக்கு மேல் அதிகம் வராது.