ஐம்பது பிரதிகளில் ஓர் உலகம்

உங்கள் மகனின் கணக்குக் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்து பார்த்ததுண்டா, சகோதரி? அங்கே ஒரு நாட்டின் வரைபடம் இருக்கலாம். ஆறு, கோட்டை, துறைமுகம், நாம் கேள்விப்படாத பெயரில் ஒரு ராஜா. மகள் வரைந்ததாகவும் இருக்கலாம். "படிக்கிற நேரத்தில் இது என்ன வேலை?" என்று பறித்து வைக்கத்தான் நமக்குக் கை வரும். அதற்கு முன் ஒரு பேராசிரியரைப் பற்றிக் கேளுங்கள். கசப்பும் கலந்த கதைதான்.

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து ஆடும் கதை விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். சண்டையில் வெற்றியா தோல்வியா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அந்தக் கதை நடக்கிற நாட்டின் வரைபடம், குலங்கள், நாணயம், சட்டம் எல்லாவற்றையும் எழுதிவைத்த புத்தகமே கதைக்கள நூல். இவ்வகை விளையாட்டின் முதல் நூலான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் அதன் பின்னால் இருக்கவில்லை. நண்பர்கள் சிலர் கைக்காசு போட்டு அச்சிட்ட ஆயிரம் பிரதிகள்தான்.

அதே ஆண்டில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்தார். பெயர் முஹம்மத் அப்துர் ரஹ்மான் பார்க்கர். 1929இல் பிலிப் பார்க்கராகப் பிறந்தவர். 1951இல் புலமைப்பரிசில் பெற்று இந்தியா சென்றவர் அங்கே இஸ்லாத்தைத் தழுவினார். உருதுவுக்கும் பலூச்சிக்கும் பாடநூல் எழுதியவர். சிறுவயது முதல் அவர் மனத்தில் டெகுமேல் என்றொரு உலகம் வளர்ந்துகொண்டிருந்தது. அதற்கென்று ஒரு மொழி, இலக்கணம், எழுத்துக்கூடச் செய்துவைத்திருந்தார்! அந்த உலகத்துக்கு விளையாட்டு விதிகள் எழுதி, 1974இலேயே றோனியோவில் சுமார் ஐம்பது பிரதிகள் எடுத்தார். மறு ஆண்டு ஒரு நிறுவனம் அதைப் பெட்டியில் வைத்து 25 டொலருக்கு விற்றது. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 10 டொலர்தான். விலை அதிகம், ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த உலகத்தில் விளையாடுகிறவர்கள் இருந்தார்கள்.

ஐம்பது பிரதி என்பது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. பிள்ளை புத்தகம் போட வேண்டுமென்று நின்றால், ஐந்நூறு பிரதிக்கு அச்சகத்தில் முற்பணம் கட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கிவைக்க வேண்டாம். முதலில் கூட்டாளிமார் நாலு பேரை வைத்து விளையாடச் சொல்லுங்கள். வரைபடத்தில் இரண்டு நாள் தூரமென்றும் கதையில் ஒரு மணித்தியாலமென்றும் எழுதியிருப்பதை அவர்கள் பிடித்துவிடுவார்கள். திருத்திய பின் போட்டோக் கொப்பிக் கடையில் இருபது, முப்பது எடுத்துத் தைத்தால் போதும். அடுத்தவர் வரைந்த படத்தை எடுத்துப் போடக் கூடாது. இதில் பிடிவாதமாக இருங்கள்.

தாயக்கட்டை என்றதும் உங்கள் முகம் மாறியிருக்கும். பகடை பற்றி ஹதீஸில் வந்துள்ள கண்டிப்பை நானும் அறிவேன். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டையே உருட்டாமல் ஆடும் வகையும் 1991 முதல் உண்டு. பார்க்கரின் உலகத்தில் தெய்வங்கள் ஏராளம். அவை என் வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் நிலை. நம் பிள்ளையின் உலகத்தில் அவை இருந்தாக வேண்டுமென்று யார் சொன்னது?

இனிக் கசப்புக்கு வருகிறேன். பார்க்கர் 2012இல் காலமானார். 2022இல் அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. 1991இல் ஹிட்லரின் கொள்கையைப் போற்றும் நாவல் ஒன்று, அக்கொள்கையினரின் பதிப்பகத்திலிருந்து வந்திருந்தது. அட்டையில் யாரோ ஒருவரின் பெயர். எழுதியவர் பார்க்கரே. முன்னரே இதைச் சொல்லாதது தவறு என்றும் அறக்கட்டளை கூறியது.

யூதர்களைப் பற்றியதுதானே, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது, சகோதரிகளே. அல்-மாயிதா சூராவின் 8ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை என்றொரு கட்டுக்கதை 2018 பெப்ரவரியில் அம்பாறையில் என்ன செய்தது என்பதும் நமக்குத் தெரியும். ஒரு கூட்டம் முழுவதும் கெட்டது என்று யாரோ சொல்ல, யாரோ நம்பினார்கள்.

கதை விளையாட்டுகளுக்குள்ளும் இந்த வியாதி இருந்தது. பிறவியிலேயே கெட்ட இனம் என்று சில இனங்களை எழுதி வைத்துவிடுவார்கள். அவர்களை வெட்டினால் கேள்வியில்லை. 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை' இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனமே, அப்படிச் சித்திரிப்பதை மாற்றப்போவதாக 2020 ஜூனில் அறிவித்தது.

ஆகவே கொப்பியைப் பறிக்காமல் வாசியுங்கள். அச்சகத்துக்கோ கடைக்கோ போகுமுன் அதை வாசிக்கிற பெரியவர் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். எழுத்துப்பிழையை ஆசிரியை பார்த்துக்கொள்வார். நீங்கள் ஆற்றுக்கு அப்பால் உள்ள நாட்டைப் பாருங்கள். அங்கே கறுப்பு மையால் எழுதப்பட்ட ஓர் இனம் இருக்கும். தேநீர் கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்: "மகன், இவங்களுக்குள்ள நல்லவங்க ஒருத்தருமே இல்லையா?"