நாற்காலியை விட்டு எழும் மூன்று நிமிஷம்

சர்க்கரை வியாதி கண்டவரிடம் தேகப்பயிற்சி அவசியம் என்று வைத்தியர் சொல்வதும், அதற்கெல்லாம் அவகாசம் ஏது என்று அவர் பெருமூச்சு விடுவதும், பிறகு இருவருமே சமாதானமடைந்து மாத்திரைச் சீட்டுக்குத் திரும்பிவிடுவதும் நம் நாட்டில் நித்திய சம்பிரதாயமாகிவிட்டன. இந்தச் சம்பிரதாயத்தை இனியும் வளரவிடலாகாது என்பதே என் கருத்து. நேரமும் இடமும் உபகரணமும் இல்லாதவர்கள்கூடத் தங்கள் சரீரத்தின் பாரத்தையே சாதனமாகக் கொண்டு செய்யக்கூடிய சில நிமிஷப் பயிற்சி, இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தணிக்கிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து பேக்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இவ்விஷயத்தில் கவனிக்கத் தக்கது. இரண்டாம் வகை நீரிழிவும் மிகுந்த உடல் எடையும் உடையவர்களாய், பயிற்சி வழக்கமே இல்லாதிருந்த 24 பேரை, ஒருநாள் உட்கார்ந்தே இருக்கச் செய்தார்கள். இன்னொரு நாள் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிஷம் மெல்ல நடக்கச் செய்தார்கள். வேறொரு நாள் அதே மூன்று நிமிஷத்தில், நின்ற இடத்திலேயே பாதியளவு உட்கார்ந்தெழுதல், குதிகாலைத் தூக்கி இறக்குதல், முழங்காலை உயர்த்துதல் போன்ற எளிய அசைவுகளைச் செய்வித்தார்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை, உட்கார்ந்தே கழித்த நாளைக் காட்டிலும், நடந்த நாளிலும் நின்று பயின்ற நாளிலும் ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்திருந்தது. சிலரைக் கொண்டு சில நாளில் முடிந்த பரிசோதனையாதலால், பல வருஷத்துப் பலனை இதிலிருந்து அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் குறைவதற்கான காரணம் தெளிவாகவே விளங்குகிறது.

உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டியவை தசைகளே. சாதாரணமாக இன்சுலின் வந்து ஏவினால்தான் அவை வாயில் திறக்கும். இந்த வியாதியிலோ அந்த ஏவல் சரிவரச் செல்லுபடியாவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, சர்க்கரையை உள்ளே கொண்டுசெல்லும் குளூட்-4 என்ற புரதம், இன்சுலினுடைய தயவின்றியே உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து தன் காரியத்தைச் செய்கிறது. சரீரத்தின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால், நம் தேகப்பயிற்சிச் சாலைகளில் பஸ்கி என்று சொல்லப்படும் உட்கார்ந்தெழும் பயிற்சி, சிறிது நேரத்திலேயே அவற்றை வேலை வாங்கிவிடுகிறது. ஆனால் பயிற்சியின் இந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும் இயல்புடையது. ஆகவே என்றோ ஒருநாள் மூச்சு முட்டச் செய்வதைவிட, அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதே விசேஷம்.

2023ஆம் ஆண்டில் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணித்தது. பின்னவரை வியாதியிலிருந்து மீட்க முடியுமா என்பதற்குச் சென்னையிலேயே விடை கிடைத்திருக்கிறது. டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் அத்தகைய 531 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆராய்ச்சியில், உணவையும் நடமாட்டத்தையும் சீர்செய்துகொண்டோருக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அதனோடு மெட்ஃபார்மின் மாத்திரையையும் சேர்த்ததால் அதிகப் பலன் ஏற்படவில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்வோரும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை உண்போரும், இருதயம், விழித்திரை, பாதம் ஆகியவற்றில் உபாதை உடையோரும் வைத்தியரைக் கலந்தே தொடங்க வேண்டும். எடுத்துவரும் மருந்தைத் தாமாக நிறுத்துவது யாருக்கும் தகாது.

நாள் முழுவதும் நின்றே உழைத்த கடைத் தொழிலாளர் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டுமென்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அது நியாயமான காரியம். நாள் முழுவதும் உட்கார்ந்தே உழைப்போர் அச்சமின்றி எழுந்து நிற்கவும் அதே நியாயம் இடம் தர வேண்டும். வைத்தியர்கள் எந்த அசைவு, எத்தனை முறை, எந்த வேளையில் என்பதை மாத்திரைச் சீட்டிலேயே எழுதித் தரட்டும். அலுவலகங்களை நடத்துவோர், அரைமணிக்கு ஒருமுறை முடியாவிடினும் மணிக்கு ஒருமுறையாவது ஊழியர் எழுவதை வேலைக்கு வஞ்சனையாகக் கருதாதிருக்கட்டும். செலவின்றிக் கிடைக்கும் இவ்வளவு நன்மையை, கூச்சத்தினாலும் வழக்கத்தினாலும் நாம் இழந்துகொண்டிருப்பது நியாயமன்று.