லண்டன் சோதனையும் ஈட்டுக்குப் போகும் காணியும்

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் அண்மையில் எம்மிடம் வந்தார். ஆறு பரப்புக் காணியை ஈடு வைப்பதற்கு உறுதி எழுத வேண்டுமென்றார். நல்ல கிணற்றோடு கூடிய செம்பாட்டு நிலம். மூன்று தலைமுறையாக வெங்காயமும் புகையிலையும் விளைந்த நிலம். எதற்காக ஈடு என்று வினவினோம். மகனை லண்டன் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கக் கொழும்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அப்பரீட்சையிற் சித்தியெய்திய பின் பையன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவான் என்று கேட்டோம். "லண்டன் சோதனை எண்டால் எங்கையும் எடுப்பாங்கள்தானே, ஐயா" என்றார்.

அவரை நாம் குறை கூறவில்லை. அந்த விடையை அவர் நெஞ்சில் விதைத்தவர்களையே குற்றக் கூண்டில் ஏற்றுகின்றோம்.

"எங்கும் எடுப்பார்கள்" என்பது உண்மையன்று. இந்நாட்டு அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவரைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. தெரிவுக்கு அடிப்படை இலங்கை உயர்தரப் பரீட்சையின் இசெட் புள்ளி. பிறநாட்டுச் சான்றிதழ் உடையோருக்கென ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சொற்பம். அவையும் பிறநாட்டிற் கல்வி கற்று வந்தோரை எண்ணி ஒதுக்கப்படுபவை. இங்கிருந்தபடியே லண்டன் பரீட்சை எழுதுகின்ற பிள்ளை, யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை ஆகியவற்றின் வாயிலைத் தன் கையாலேயே சாத்திக்கொள்கின்றது. இதனை அனுமதிப் பத்திரத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் பாடசாலைகள் எத்தனை? விளம்பரப் பலகையில் எழுதி வைத்த தரகர் எத்தனை பேர்?

மறுபுறத்தையும் நோக்குங்கள். பிரித்தானியாவிலும் ஒஸ்ரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் இலங்கை உயர்தரப் பெறுபேற்றையும் ஏற்கின்றன. ஆங்கில மொழித் தேர்ச்சியைத் தனியே நிரூபித்தாற் போதும். ஆகவே உள்நாட்டுச் சான்றிதழ் இரண்டு வாயில்களுக்கும் உதவுகின்றது. லண்டன் சான்றிதழ் பெரும்பாலும் ஒன்றுக்கே உதவுகின்றது. இரண்டுக்கும் உதவுவதைத் தாழ்ந்ததென்றும், ஒன்றுக்கு உதவுவதை உயர்ந்ததென்றும் எண்ணும் மயக்கம் எங்கிருந்து வந்தது?

அதற்கு ஒரு வரலாறு உண்டு. எமது பாட்டன்மார் கேம்பிரிட்ஜ் சீனியரும் லண்டன் மெற்றிக்குலேஷனும் எழுதினார்கள். அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி கூட லண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் வந்தது; இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1970களிலோ தரப்படுத்தல் வந்து, கற்ற பிள்ளையின் புள்ளியைக் குறைத்துக் கணக்கிட்டது. அன்று பிறந்த அவநம்பிக்கை இன்னும் ஆறவில்லை. உள்நாட்டுப் பரீட்சை எமக்கு நீதி செய்யாது என்ற எண்ணம் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு முதுசொமாக இறங்கியிருக்கின்றது.

அந்தக் காயத்தை நாம் மறந்தவர்களல்லர். ஆயினும் இன்றைய முறையைக் கண்ணால் பார்த்தே தீர்ப்புக் கூற வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மன்னாரும் அந்த ஐந்து சதவீதத்துக்கு உரித்துடையவை. போரில் அனைத்தையும் இழந்த வன்னிப் பிள்ளைக்குச் சட்டம் தந்த உரித்து இது. லண்டன் பரீட்சைக்குத் தாவுகின்ற அன்றே அவ்வுரித்து கைநழுவுகின்றது. உரித்தைக் கைவிடுகின்றவன் எதனைக் கைவிடுகின்றான் என்று அறிந்து கைவிட வேண்டாமா?

"உள்நாட்டுப் பரீட்சை ஒழுங்காக நடக்கின்றதா?" என்று எம்மை மடக்குவோர் உண்டு. அவர்களது கேள்வி நியாயமானதே. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 சனவரியிலேதான் தொடங்கியது. பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஒரு சிறு பகுதியினருக்கே இடம் கிடைக்கின்றது. கிடைத்தவர்களும் மாதக்கணக்கிற் காத்திருக்கின்றார்கள். இதற்குப் பொறுப்பான அரசாங்கங்களை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் லண்டனில் மட்டும் தெய்வமா புள்ளியிடுகின்றது? 2020இல் கொள்ளைநோயால் பரீட்சைகள் நிறுத்தப்பட்டபோது, இங்கிலாந்தில் ஆசிரியர் மதிப்பிட்ட பெறுபேறுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டைக் கணினிச் சூத்திரமொன்று கீழிறக்கியது. பாடசாலையின் பழைய பெறுபேற்றைக் கொண்டு இன்றைய மாணவனை அளந்தது அச்சூத்திரம். மாணவர் தெருவில் இறங்கினர். நான்கே நாளில் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. தரப்படுத்தல் என்னும் நோய் எந்த நாட்டுக்கும் வரலாம். எதிர்த்து நிற்கும் மக்கள் இருக்குமிடத்திலேதான் அது விரைவில் மாறுகின்றது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. வெங்காயம் ரூபாயில் விற்கின்றது. லண்டன் பரீட்சைக் கட்டணமோ பவுணை ஒட்டி நிற்கின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியது. பவுணும் அவ்வாறே ஏறியது. அதே வேளையில் தோட்டக்காரனின் விளைச்சல் பசளையின்றிக் குன்றியது. பரீட்சைக் கட்டணமாவது சிறு தொகை. அதன் பின் வரும் பிறநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணமே மலை. மலைக்கு வழியில்லாதவன் அடிவாரத்துக்காகக் காணியை ஈடு வைப்பது அறிவுடைமையாகுமா? மருத்துவம் கற்பிக்க எண்ணுவோர் மற்றொன்றையும் அறிக. பிறநாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினாலும், இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையிற் சித்தியெய்தாமல் இங்கு தொழில் செய்ய இயலாது.

எனினும், பிறநாட்டுப் படிப்பே முடிவு, பணமும் உண்டு, பிள்ளைக்கு ஆங்கிலமும் கைவந்துள்ளது என்போர் லண்டன் பரீட்சையை எழுதட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் தெரிந்து தெரியட்டும். எடெக்செல் சர்வதேச உயர்தரம் அலகு அலகாக எழுதப்படுவது. புள்ளி குறைந்த அலகை மீண்டும் எழுதலாம். அதன் விஞ்ஞானப் பாடங்களில் செய்முறை அறிவையும் எழுத்து வினாத்தாளே சோதிக்கின்றது. கேம்பிரிட்ஜிலோ ஆய்வுகூடத்தில் நின்று செய்முறைப் பரீட்சை எழுத வேண்டும். நல்ல ஆய்வுகூடமில்லாத பாடசாலை அதனை எடுப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஐ.பி. டிப்ளோமா ஆறு பாடங்களைக் கொண்டது; மொத்தம் 45 புள்ளி; சித்திக்குக் குறைந்தது 24 வேண்டும். நீண்ட கட்டுரையும் சமூகப் பணியும் அதன் அங்கங்கள். ஒரே துறையிலன்றிப் பல துறையிலும் நாட்டமுள்ள பிள்ளைக்கே அது பொருந்தும்.

பாடத் தெரிவும் பல்கலைக்கழக வாயிலிலிருந்தே தொடங்க வேண்டும். பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளிற் பெரும்பாலானவை இரசாயனவியலைக் கேட்கின்றன. பல உயிரியலையும் கேட்கின்றன. பொறியியலுக்குக் கணிதம் வேண்டும். பௌதிகவியலையும் பெரும்பாலும் கேட்பர். விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை முதலில் வாசித்து, அதன் பின்னரே பாடத்தைத் தெரிவு செய்க. சித்திக்கு மந்திரம் எதுவுமில்லை. பாடத்திட்டம், பழைய வினாத்தாள், புள்ளித்திட்டம், பரீட்சகர் அறிக்கை ஆகியவற்றைப் பரீட்சைச் சபைகளே வெளியிடுகின்றன. அவற்றை வரிவரியாகக் கற்று, நேரம் வைத்து எழுதிப் பழகும் பிள்ளை வெல்லும். இவற்றைக் கண்ணாலும் காணாமல், ரியூட்டரிக் குறிப்பை மனனம் செய்யும் பிள்ளை, பட்டத்துக்குரிய அறிவிருந்தும் தோற்கும்.

இனி, சட்டத்தைக் கேட்போம். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் புதிதாகக் கட்டணப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. தடைச்சட்டம் ஏட்டிலே இருக்க, சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வர்த்தக நிறுவனங்களாகப் பதிவாயின. பிள்ளையின் கல்வி இவ்வாறு கடைச் சரக்காயிற்று. கடைச் சரக்குக்காவது நிறை குறைந்தால் வழக்கிடலாம். ஆசிரியரின் தகுதியையும் ஆய்வுகூடத்தின் நிலையையும் பெறுபேற்றின் உண்மையையும் பரிசோதிக்கும் கடமை யாருடையது? தடுத்தால் முற்றாகத் தடுக்க வேண்டும். அனுமதித்தால் ஒழுங்குபடுத்த வேண்டும். தடுப்பதுபோலத் தடுத்து, அனுமதிப்பதுபோல அனுமதித்து, இடையில் ஏழைத் தகப்பனைக் கைவிடுவது சட்டத்தின் ஆட்சியாகாது.

எமது மக்கட் பிரதிநிதிகளிடம் மூன்றைக் கேட்கின்றோம். பிறநாட்டுப் பரீட்சைக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் கல்வி அமைச்சிற் பதிவாகி மேற்பார்வைக்கு உட்பட வேண்டும். தன் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு உதவும், எவற்றுக்கு உதவாது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்த பின்னரே அது பணம் பெற வேண்டும். பரீட்சைக்குத் தோற்றிய அனைவரின் பெறுபேற்றையும் அது ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வென்ற நால்வரின் படத்தைச் சுவரில் ஒட்டுவது கணக்காகாது.

கற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் உங்கள் ஊர் வாசிகசாலையில் மாதத்தில் ஒரு மாலை அமருங்கள். தோட்டக்காரனின் பிள்ளைக்கு எந்தப் பரீட்சை எந்த வாயிலுக்கு என்று சொல்லிக் கொடுங்கள். நீங்கள் இலவசக் கல்வியிற் கற்றவர்கள். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

அந்த ஈட்டு உறுதியை நாம் எழுதவில்லை. மகனையும் அழைத்துக்கொண்டு மறுவாரம் வருமாறு சொன்னோம். பையன் வந்தான். அவனுக்கு வேண்டியது பொறியியல். மொறட்டுவைக்குப் போகவே ஆசை. லண்டன் பரீட்சை அங்கே கொண்டு செல்லாது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாக அறிந்தான். காணி இன்றும் அவர்கள் பெயரில் இருக்கின்றது. பையன் ஊர்ப் பள்ளியில் இணைந்த கணிதம் படிக்கின்றான். எம்மிடம் வராமல் வேறிடத்தில் ஒப்பமிட்டுச் சென்றவர்கள் எத்தனை பேரோ!