வடாளாவின் ‘ள’

மும்பை ஹார்பர் லைன் வண்டி சிவ்ரியைத் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷனின் பெயரை அறிவிக்கிறார்கள். மராத்தியில் அது வடாளா, இந்தியில் வடாலா. இந்திக்கு ‘ள’ கிடையாது, விட்டுவிடலாம். நம் தமிழுக்கு இருக்கிறதே! இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் நாம் வடாலா என்றுதான் எழுதுகிறோம். இந்த இதழின் முகவரியும் அப்படித்தான்.

2025 ஏப்ரல் 16 அன்று மகாராஷ்டிர அரசு, மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ‘ள’ இல்லாத அந்த இந்தியை மூன்றாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் ஜூன் 29 அன்று பின்வாங்கியது. ஜூலை 5 அன்று வொர்லியில், வெகுகாலம் முகம் திருப்பியிருந்த தாக்கரே வீட்டுப் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் ஒரே மேடையில் ஏறினார்கள்.

மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள நம் பெரியவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். 1966இல் தாக்கரே வீட்டுச் சிவசேனை பிறந்தபோது விரட்டச் சொன்னது லுங்கி கட்டிய நம்மைத்தான். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கேட்ட கேள்வியை இன்று அவர்கள் கேட்கிறார்கள். பழைய கணக்கு தீரவில்லை என்பது வேறு விஷயம். கேள்வி சரியானது.

நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டாமா என்று இந்திக்காகப் பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். இந்த ஊரில் அது எப்போதோ வந்துவிட்டது, யாரும் ஆணை போடாமலே. கோலிவாடா மீன் கடையில் ‘மேரேகு மங்தா’ என்று நம் அத்தைமார் பேசும் இந்திக்கு எந்த வாத்தியாரும் பாஸ் மார்க் போடமாட்டார். ஆண்பாலும் பெண்பாலும் கைகோத்துக்கொண்டு போகும். மீன் மட்டும் சரியான விலைக்கு வீடு வந்து சேரும். பிழைப்புக்கு வேண்டிய மொழியை ஜனங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆறு வயசுக் குழந்தையின் புத்தகப்பையில் இந்தியைத் திணிப்பது பிழைப்புக்காக அல்ல, அதிகாரத்துக்காக. அரசியலமைப்பில் தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்கிறது, அவ்வளவுதான்.

நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. இந்தித் திணிப்பென்றால் குரல் உயர்த்தும் நாம், பிள்ளையைச் சேர்க்கும் நாளில் அந்தப் பள்ளியைக் கடந்து ஆங்கிலப் பள்ளி வாசலில் நிற்கிறோம். மராத்தியோ, பஸ் கண்டக்டரின் ‘புடே சலா’வோடு நமக்கு முடிந்துவிடுகிறது. வீட்டில் தமிழ் எழுத்தும், தெருவில் நாலு வாக்கியம் மராத்தியும் பிள்ளைகளுக்கு வரட்டும். இந்தி தானாக வந்துவிடும், வந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்த இதழிலிருந்து நம் முகவரி ‘வடாளா’ என்றே அச்சாகும்.