கேள்வியை வகுப்பவர் யார்?

ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை உயர்த்த விரும்பும் அரசாங்கம், முதற்கண் அவ்வட்டாரத்தைப் பற்றிய ஆய்வு ஒன்றுக்கு ஏற்பாடு செய்கிறது. முன்னாளில் இப்பணியை அதிகாரிகளும் விசாரணைக் கமிட்டிகளும் செய்து வந்தனர். இந்நாளில், கட்டணம் பெற்று ஆலோசனை கூறும் நிறுவனங்களும் இதில் பெரும் பங்கு கொள்கின்றன. தறிகள் நிறைந்த ஊருக்கு ஒரு தொகுப்புத் திட்டம், உழவர் பகுதிக்கு ஒரு சந்தைத் திட்டம், புதிய தொழிற்பேட்டைக்கு ஒரு திட்ட அறிக்கை என்று பலவும் அவர்களால் எழுதப்படுகின்றன. அறிக்கை ஏற்கப்பட்டதும் அதன்படியே பணம் ஒதுக்கப்படுகிறது, கட்டடங்கள் எழுகின்றன, சில தொழில்கள் ஊக்கம் பெறுகின்றன, சில கைவிடப்படுகின்றன. ஆகவே இது படித்தவர்கள் மட்டும் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயமன்று. தறியில் அமர்கிறவரும் ஏர் பிடிக்கிறவரும் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய விஷயமாகும்.

ஆய்வுகளே வீண் என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். அக்கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. நாம் அங்கத்தினராக இருக்கும் கூட்டுறவுச் சங்கங்களே ஓர் ஆய்வின் வழியில் பிறந்தவை அல்லவா? 1892ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம், உழவர்களுக்குக் கடன் உதவும் வங்கிகளை இம்மாகாணத்தில் நிறுவக் கூடுமா என்பதை ஆராயும்படி பிரடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் கடன் ஸ்தாபனங்களை ஆராய்ந்தார். அத்துடன் நில்லாமல், நம் மாகாணத்தில் மக்கள் தாமே நடத்திவந்த ‘நிதி’களையும் கருத்துடன் ஆராய்ந்தார். 1895லும் 1897லும் இரு பகுதிகளாக அவருடைய அறிக்கை வெளிவந்தது. ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களை ஏற்படுத்திய ரைஃபைசனைப் போன்ற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள் என்பதே அவர் முடிவின் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திரூர் கிராமத்தில் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின.

அந்த ஆய்வு பயன் தந்ததற்குக் காரணம் யாது? ஆராய்ந்தவரின் உழைப்பு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், அவரிடம் கொடுக்கப்பட்ட கேள்வி உழவன் வீட்டுக் கேள்வியாக இருந்தது என்பதே. கடனில் மூழ்கிய குடியானவனுக்கு நியாயமான வட்டியில் பணம் கிடைப்பது எப்படி என்பதே அக்கேள்வி. கேள்வி எதுவோ, அதன் திசையிலேயே விடையும் செல்லும். இவ்வுண்மையை விளக்க, நம் கைத்தறித் தொழிலின் வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஒரே தறி, இரு அறிக்கைகள்

1952இல் இந்திய அரசாங்கம் ஜவுளித் தொழிலை ஆராய நித்யானந்த கனுங்கோவின் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. அக்கமிட்டி 1954இல் தன் அறிக்கையைத் தந்தது. நுட்பமான வேலைப்பாடுள்ள துணி வகைகள் நீங்கலாக, ஏனைய துணிகளில் கைத்தறி நிலைத்து நிற்க இயலாது. பதினைந்து இருபது ஆண்டுகளில் கைத்தறிகளைப் படிப்படியாகச் சீர்திருந்திய தறிகளாகவும் விசைத்தறிகளாகவும் மாற்றிவிட வேண்டும் என்பது அதன் சிபாரிசு.

அடுத்த ஆண்டே, அதாவது 1955இல், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை முன்னிட்டு, பேராசிரியர் டி. ஜி. கார்வேயின் தலைமையில் கிராமத் தொழில்களுக்கும் சிறு தொழில்களுக்குமான கமிட்டி அமைந்தது. பிற்காலத்தில், 1966இல், உலகக் கூட்டுறவு இயக்கத்தின் கொள்கைகளைத் திருத்தி வகுத்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை வகித்தவரும் இவரே. இவருடைய கமிட்டியோ, ஆலைகளின் நெசவுத் திறனை இருந்த அளவோடு நிறுத்தி, பெருகும் துணித் தேவையில் பெரும்பகுதியைக் கைத்தறிக்கு விட வேண்டும் என்று கூறிற்று.

நாடு ஒன்று, தறி ஒன்று, இடைப்பட்ட காலமோ ஓராண்டுதான். முடிவுகள் மட்டும் வடதுருவமும் தென்துருவமுமாக நின்றன. ஒரு கமிட்டியில் அறிஞர்களும் மற்றொன்றில் அறியாதவர்களும் இருந்தார்கள் என்று யாரும் கூற இயலாது. வேறுபாடு கேள்வியில் இருந்தது. முன்னது, ஜவுளித் தொழிலின் பல துறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயப் புறப்பட்டது. எந்தத் தறியில் ஒரு மனிதன் அதிகம் நெய்வான் என்ற கேள்வி அங்கே முன்னின்றது. பின்னதற்கோ விசாரணை வரம்பிலேயே மூன்று நோக்கங்கள் கூறப்பட்டிருந்தன. எல்லோருக்கும் வேண்டிய பொருள்களின் கூடுதல் உற்பத்தியில் பெரும்பகுதி சிறு தொழில்களிலிருந்து வர வேண்டும். வேலை வாய்ப்பு பெருக வேண்டும். உற்பத்தியும் விற்பனையும் பெரும்பாலும் கூட்டுறவு முறையில் அமைய வேண்டும் என்பன அவை. விடையில் பாதி கேள்வியிலேயே எழுதப்பட்டிருந்தது என்பது வெளிப்படை. அது நமக்குச் சாதகமான கேள்வியாக அமைந்தது. ஆதலின் நாம் மகிழ்ந்தோம்.

ஆனால் அம்மகிழ்ச்சி நீடித்ததா? இரு அறிக்கைகளில் எதுவும் முழுமையாக நிறைவேறவில்லை. திட்டத்தின் கணக்குக்கு அப்பாற்பட்டு விசைத்தறிகள் ஊர் ஊராகப் பெருகின. 1974இல் பி. சிவராமன் தலைமையில் ஆராய்ந்த குழு, ஒரு விசைத்தறி ஆறு கைத்தறிகளின் வேலையைப் பறிக்கிறது என்று மதிப்பிட்டது. கைத்தறித் தொழிலாளரின் தொகையை நாடு முழுவதும் எண்ணிய கணக்கெடுப்புகளின்படி, 1995ஐ ஒட்டி ஏறத்தாழ 65 லட்சமாக இருந்தது, 2009–10இல் 43 லட்சமாகவும், 2019–20இல் 35 லட்சமாகவும் குறைந்தது. கடைசிக் கணக்கெடுப்பில், நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிப்பதாகத் தெரிய வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கனுங்கோ கமிட்டி, தறி எவ்வளவு நெய்யும் என்று கேட்டது. தறியை விட்டவன் எங்கே போவான் என்பது அதற்கு இரண்டாவது கேள்வியாகவே இருந்தது. கார்வே கமிட்டி, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று கேட்டது. அந்த வேலையில் எவ்வளவு கூலி கிடைக்கும் என்பது அதற்கு இரண்டாவது கேள்வியாயிற்று. தறியில் அமர்ந்திருப்பவரின் கேள்வி இவ்விரண்டும் அன்று. ‘என் குடும்பம் மானத்தோடு வாழப் போதிய கூலி இத்தொழிலில் எவ்வாறு கிடைக்கும்? என் மகளோ மகனோ விரும்பி இத்தறியில் அமர்வதற்கு எது வேண்டும்?’ என்பதே அவர் கேள்வி. நம்மை ஆதரித்த அறிக்கையிலும் அது தலைமைக் கேள்வியாக இடம் பெறவில்லை. நம்மிடம் அன்புள்ளவர்கள் வகுத்த கேள்வியும் நாமே வகுத்த கேள்வி ஆகிவிடாது.

ஆற்றை விட்ட கணக்கு

கேள்வி குறுகும்போது நேரும் கேட்டை நெசவாளர் மட்டும் அனுபவிப்பதில்லை, உழவரும் அனுபவிக்கின்றனர். நொய்யல் ஆற்றின் கதை இதற்குச் சான்று. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணியும், லட்சக்கணக்கானோருக்கு வேலையும் தந்தது. அப்பெருமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சாயப் பட்டறைகளின் கழிவு நீர் ஆற்றில் கலந்தது. கீழ்ப்பகுதி நிலங்களின் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணையில் அந்நீரே தேங்கிற்று. பயிருக்கு உயிர் தர வேண்டிய அணையின் நீர், பயிருக்கு ஆகாத நீராயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஆற்றில் கழிவு கலவாதிருக்க வழி செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் கட்டளையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பட்டறைகள் நின்றதும் பனியன் தொழிலே தடுமாறிற்று. முதலில் நிலத்தை நம்பியவர் நொந்தார். பின்னர் சாயத்தை நம்பியவரும் நொந்தார்.

ஏற்றுமதியின் மதிப்பை ஓர் ஏட்டிலும், ஆற்று நீரின் மதிப்பை மற்றோர் ஏட்டிலும் எழுதி வைத்தால் இவ்வாறுதான் நேரும். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு தொழிலின் தொடக்கத்திலேயே அதன் கணக்கில் சேர்ந்திருந்தால், உழவருக்கும் தொழிலாளிக்கும் நேர்ந்த துன்பத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். வட்டார வளர்ச்சி என்பது ஒரு தொழிலின் வளர்ச்சி மட்டுமன்று. ஒரே ஆற்றையும், ஒரே சந்தையையும், ஒரே சாலையையும் பகிர்ந்துகொள்ளும் எல்லோருடைய வாழ்வும் அதில் அடங்கும். நெசவாளரும் உழவரும் ஒரு பத்திரிகையின் வாசகராக இருக்கும் நமக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கசப்பான உண்மையும் மருந்தே

நமக்கு இனிக்கும் அறிக்கை மட்டுமே நல்ல அறிக்கை என்று நாம் கூறவில்லை. 1951இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய அகில இந்திய கிராமக் கடன் ஆய்வை நினைவு கூர்வோம். ஏ. டி. கோர்வாலா அதன் தலைவர். 75 மாவட்டங்களில் 600 கிராமங்களுக்கு ஆய்வாளர்கள் நேரில் சென்று குடும்பம் குடும்பமாக விசாரித்தனர். உழவர் வாங்கிய கடனில், நூறு ரூபாய்க்குச் சுமார் மூன்று ரூபாய் மட்டுமே கூட்டுறவுச் சங்கங்கள் அளித்தவை என்றும், ஏறக்குறைய எழுபது ரூபாய் லேவாதேவிக்காரர் அளித்தது என்றும் 1954இல் வெளியான அறிக்கை அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளாகக் கூட்டுறவின் புகழ் பாடியவர்களுக்கு அது பேரிடி. ஆயினும், கூட்டுறவு தோற்றிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்ன அவ்வறிக்கைதான், கூட்டுறவு வென்றே தீர வேண்டும் என்றும் வற்புறுத்தி வழி கூறிற்று. கிராமத்துத் திண்ணையில் கேட்டு எழுதிய கணக்கானதால் அதனை யாரும் தள்ள முடியவில்லை.

இந்த அளவுகோலைக் கொண்டே இன்றைய ஆலோசனை நிறுவனங்களையும் நாம் மதிப்பிட வேண்டும். அவர்களிடம் நமக்கில்லாத அறிவு உண்டு. வெளிநாட்டுச் சந்தையின் போக்கையும், இயந்திரங்களின் விலையையும், பிற மாநிலங்களின் அனுபவத்தையும் அவர்கள் ஒருங்கே காண்கிறார்கள். அதனை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் ஊரில் இரண்டு நாள் தங்கி, நான்கு பெரிய வியாபாரிகளைக் கண்டு பேசி, வேறோர் ஊருக்கு எழுதிய அறிக்கையில் ஊர்ப்பெயரை மாற்றித் தருவது ஆய்வாகாது. திட்டத்தை வகுக்கிற நிறுவனமே பின்னர் அதனை நடத்தும் ஒப்பந்தத்தையும் பெறுமானால், ‘இத்திட்டம் வேண்டாம்’ என்று கூறும் துணிவு அதற்கு எங்கிருந்து வரும்? கட்டணம் தருபவர் ஒருவர். விளைவை அனுபவிப்பவர் வேறொருவர் என்ற நிலையில், அனுபவிப்பவர் விழிப்பாக இருப்பதொன்றே காப்பு.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆய்வு தொடங்குமுன் அதன் கேள்விகளைச் சங்கத்தின் பொதுப் பேரவையில் வைக்கும்படி நாம் கேட்க வேண்டும். அறிக்கை அச்சான பிறகு ஆட்சேபிப்பது, சேலையை அறுத்து இறக்கிய பின் பாவின் நிறத்தைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும். கூலி, நீர், கடன், இளைஞர் தொழிலில் நிற்பது ஆகிய நான்கும் கேள்விப் பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, நம் கணக்கை நாமே வைத்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கைத் தணிக்கைக்காக எழுதுகிறோம். அதுபோல் நம் வாழ்வின் கணக்கையும் எழுத வேண்டும். நூல் கிடையாமல் தறி நின்ற நாட்கள் எத்தனை? ஒரு சேலைக்கான கூலியில் வீட்டார் எத்தனை பேரின் உழைப்பு அடங்கியிருக்கிறது? தார் சுற்றும் பெண்ணின் உழைப்பும், பாவுக்குத் துணை நிற்கும் முதியவரின் உழைப்பும் கூலிப் புத்தகத்தில் தனியே ஏறுவதில்லை; ஒரு பெயரில் ஒரு தொகை மட்டுமே ஏறுகிறது. அதைப் பார்க்கும் ஆய்வாளர், ஒருவர் பெற்ற கூலி என்றே எழுதிக்கொள்வார். உழவரும் அவ்வாறே கிணற்றின் நீர்மட்டம், விளைச்சல், விற்ற விலை, சந்தைக்கு ஏற்றிச் சென்ற செலவு ஆகியவற்றைப் பருவந்தோறும் குறித்து வைக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகமும், படிக்கும் பிள்ளை ஒருவரின் உதவியும் போதும். ஐந்தாண்டுக் குறிப்பு கையில் இருக்கும் சங்கத்தை எந்த நிபுணரும் அலட்சியம் செய்ய இயலாது.

மூன்றாவதாக, அறிக்கையின் சாரம் தமிழில் வெளியாக வேண்டும். சங்கக் கட்டடத்தில் அதனைப் படித்துக் காட்ட வேண்டும். நம்மைப் பற்றி எழுதியதை நாம் படிக்க இயலாதென்றால், அது நம் வளர்ச்சிக்கான அறிக்கை என்று எவ்வாறு கூறுவது?

நான்காவதாக, திட்டம் நடைபெற்று மூன்றாண்டு சென்றபின், அறிக்கை கூறிய பலன் கிடைத்ததா என்பதை வேறொருவர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மழை பொழியும் என்றவரை மழைக்காலம் முடிந்த பின் கேள்வி கேளாவிட்டால், அடுத்த ஆண்டும் அவரே பஞ்சாங்கம் படிப்பார்.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் நான்காவதும் அரசாங்கத்தின் இசைவை வேண்டுவன. கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம். இரண்டாவதற்கு எவருடைய இசைவும் வேண்டியதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும், அடுத்த நாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வரும் பேரவைக்குள் அதில் முதல் பக்கத்தையேனும் நிரப்பிக்கொண்டு செல்லும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.