உழைக்கும்போது ஊழியர், சம்பளம் கேட்டால் மாணவர்

செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. 37 டிகிரி சூட்டில், 5 சதவீதக் கரியமில வாயுவில், இன்குபேட்டருக்குள் வளரும் மனிதச் செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டத் திரவத்தை மாற்றியாக வேண்டும். தீபாவளியன்றும் மாற்றியாக வேண்டும். விட்டால் செல் செத்துப்போகும். அதை வைத்து இரண்டு மாதமாகச் செய்த வேலையும் அதோடு போகும். பண்டிகை நாளில் பல்கலைக்கழக வளாகமே வெறிச்சோடிக் கிடக்கும்போது உயிரித் தொழில்நுட்பத் துறையில் மட்டும் ஓர் அறையில் விளக்கு எரிவது இதனால்தான். உள்ளே ஓர் ஆய்வு மாணவி கையுறைமேல் ஆல்கஹால் தெளித்துக்கொண்டு பிப்பெட்டோடு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் இருக்கும் சீரம் பாட்டிலின் விலை பல பத்தாயிரம் ரூபாய். அதை வாங்குவதற்கான கோப்பு நகர்ந்துவிட்டது. அவருடைய உதவித்தொகைக்கான கோப்பு நகரவில்லை.

"பெல்லோஷிப் வந்துருச்சா?" என்பது நம் ஆராய்ச்சி விடுதிகளில் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி. மூன்று மாதம் வரவில்லை, ஆறு மாதம் வரவில்லை என்று நாட்டின் பெரிய நிறுவனங்களின் மாணவர்களே மீண்டும் மீண்டும் முறையிட்டிருக்கிறார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: யூசி போகவில்லை, போனது சரியில்லை, சரியாகப் போனது இன்னும் பார்க்கப்படவில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் என்கிற அந்த ஒரு தாள் ஆய்வு வழிகாட்டியான கைடின் மேசையிலிருந்து நிதிப் பிரிவுக்கும், அங்கிருந்து பதிவாளருக்கும், பிறகு தில்லிக்கும் போய்ச் சேருவதற்குள் ஒரு பருவமே முடிந்துவிடுகிறது. அந்த வழியில் இருக்கும் அத்தனை மேசைக்காரர்களுக்கும் மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். நாம் அப்படிச் சொல்லத் தயாரில்லை. வேலையை வாங்கிக்கொண்டு கூலியை நிறுத்திவைப்பதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. கட்டட மேஸ்திரி ஒருவர் சித்தாளிடம் அப்படி நடந்துகொண்டால் ஊர் அவரைச் சும்மா விடாது. அதையே ஒன்றிய அரசின் அறிவியல் துறைகள் நாட்டின் மிகப் படித்த இளைஞர்களிடம் செய்கின்றன. ஊர் சும்மா இருக்கிறது.

தொகையைப் பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். நெட் தேர்விலோ ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நடத்தும் பெட் தேர்விலோ தேறி ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வாளர் ஆகிறவருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. 2023-இல் அறிவித்த தொகை இது. ஒழுங்காகக் கைக்கு வந்தால், மதுரையிலோ திருச்சியிலோ தனியாள் ஒருவர் கௌரவமாக வாழலாம். புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர் பலருக்கு இதைவிடக் குறைவுதான். ஆனால் அது உயர்ந்த கதை கௌரவமானதல்ல. 2019-இல் 25,000 ரூபாய் 31,000 ஆனது, ஆய்வு மாணவர்கள் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டுத் தில்லித் தெருவில் உட்கார்ந்து, போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்ட பிறகுதான். அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை கணக்குப் பார்க்கப்படுகிறது. ஆய்வு மாணவருக்கு அரிசி விலை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏறும் போலிருக்கிறது.

நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவருக்கோ மாதம் 8,000 ரூபாய். பத்தாண்டுக்கும் மேலாக இதே 8,000. நாள் கணக்கில் 267 ரூபாய்க்கும் கீழே. மேலே சொன்ன சித்தாள் இந்தக் கூலிக்கு வரமாட்டார். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அதுவும் இல்லாமல், தாங்களே கட்டணம் கட்டி, மாலையில் தனிப்பயிற்சி மையத்தில் உயிரியல் நடத்திக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் எத்தனையோ பேர்.

இந்த அநீதிக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆய்வு மாணவர் உழைக்கும்போது ஊழியர், சம்பளம் கேட்டால் மாணவர். இளநிலை வகுப்புக்குச் செய்முறைப் பாடம் எடுப்பது, ஃப்ரீசர் பழுதானால் இரவோடு இரவாக மாதிரிகளை இடம் மாற்றுவது, கைடின் திட்ட அறிக்கையை எழுதித் தருவது, மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் வரவேற்பு நாற்காலி போடுவது எல்லாம் அவர் வேலை. வருங்கால வைப்பு நிதி என்று பேச்செடுத்தால் மட்டும் "நீ ஸ்டூடன்ட்தானே" என்று பதில் வரும். புராஜெக்ட் அசிஸ்டென்ட் நிலை இன்னும் மோசம். திட்டம் மூன்று ஆண்டு என்றால் அவரும் மூன்று ஆண்டு. அதற்குள் அவர் கற்ற கைவேலை முழுக்க அவரோடு வெளியேறிவிடும். அடுத்த திட்டத்துக்கு வரும் புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். இது அறமும் அல்ல, சிக்கனமும் அல்ல.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பம் கொடுத்த பழைய அரண்மனையில், 1970-களின் இறுதியில், இதய அறுவை மருத்துவர் எம்.எஸ்.வலியத்தான் பொறியாளர்களைக் கூட்டிவைத்து இதய வால்வு ஒன்றைச் செய்யத் தொடங்கினார். வெளிநாட்டு வால்வு வாங்கப் பணமில்லாமல், வாதக் காய்ச்சலால் இதயம் கெட்ட இளவயதினர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்த காலம். வால்வு பார்க்கச் சின்னஞ்சிறு வளையமும் தட்டும்தான். ஆனால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். தேயக்கூடாது, உடையக்கூடாது, மேலே ரத்தம் உறையக்கூடாது. முதல் வடிவம் தோற்றது. இரண்டாவதும் மூன்றாவதும் தோற்றன. கோபால்ட் கலப்பு உலோகக் கூட்டில் பாலிஎத்திலீன் தட்டை வைத்த நான்காவது வடிவம்தான் ஆட்டின் உடம்பில் தாக்குப்பிடித்து, 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டிடிகே குழுமம் அதைத் தயாரித்தது. இன்றைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மார்புக்குள் போய்ச் சேர்ந்த சித்ரா வால்வு இதுதான்.

வலியத்தானின் மேதைமையைப் புகழ்ந்து எல்லோரும் எழுதிவிட்டார்கள். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சம்பளப் பட்டியல். மூன்று முறை தோற்ற காலம் முழுவதும் அந்த ஆய்வகத்தின் பொறியாளர்கள் வேலையில் இருந்தார்கள். வீட்டு வாடகை கட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள், மறுநாள் வந்து உடைந்த வால்வை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அவர்களை எடுத்திருந்தால் இரண்டாவது வடிவத்தோடு கதை முடிந்திருக்கும். ஒரு நாட்டில் ஆராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள முடியுமா என்பதற்கு அளவுகோல் இதுவே: தோற்ற ஆண்டிலும் சம்பளம் வருமா?

மதுரையில் 1992-இல் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை ஏழைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்புகிறது. அதைச் செய்த கைகளில் பெரும்பாலானவை சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுடையவை. எடுத்து, பயிற்றுவித்து, வைத்துக்கொண்டார்கள். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

எதிர் உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 2008-இல் கிண்டி பிசிஜி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் மூன்றின் உரிமத்தையும் ஒரே அடியாக நிறுத்தி, தலைமுறையாகத் தடுப்பூசி செய்த கைகளைச் சும்மா உட்காரவைத்தது ஒன்றிய அரசு. பிறகு செங்கல்பட்டில் நூறு ஏக்கரில் ஏறத்தாழ 600 கோடி ரூபாயில் தடுப்பூசி வளாகம் எழுந்தது. கொரோனா உச்சத்தில், 2021 மே மாதம், தமிழக முதல்வர் நேரில் போய்ப் பார்த்துக் குத்தகைக்குக் கேட்டபோதும் அங்கே வணிக உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. கட்டடத்துக்குப் பணம் கிடைக்கிறது. ஆளுக்குத்தான் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில், 2030-க்குள் 30,000 கோடி டாலர் உயிரிப் பொருளாதாரம் என்று ஒன்றிய அரசு மேடையில் முழங்குகிறது. மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதி என்று அதே அரசு ஒப்புக்கொள்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களுக்கான சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக்கி, விஞ்ஞானிகள் அலறிய பிறகு சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டதும் இதே அரசுதான். ஆய்வகம் என்ற ஒன்று எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யவில்லை போலும்.

இனி நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகள். கலந்தாய்வு நெருங்கினால் நெடுஞ்சாலைப் பலகைகளில் ரோபோ அறுவைசிகிச்சை செய்யும். "பயோமெடிக்கல் படித்தால் டாக்டருக்கு நிகர்" என்று பெற்றோரிடம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான்கு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளில் பலர் சென்னையில் மெடிக்கல் கோடிங் இருக்கையில் உட்கார்ந்து, அமெரிக்க நோயாளிகளின் கோப்பைப் படித்து நோய்க்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நேர்மையான வேலை. பல குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய வேலை. அந்த இளைஞர்மீது நமக்குக் குறையில்லை. பழுதான வென்டிலேட்டர் ஒன்றைக்கூடத் திறந்து காட்டாமல் நான்கு ஆண்டுக் கட்டணம் வாங்கிய கல்லூரிமீதுதான் குறை. உயிரி மருத்துவப் பொறியியலில் மருத்துவமனை வாசம் இல்லாத படிப்பு நீச்சலைக் கரும்பலகையில் நடத்துவதற்குச் சமம். சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, வலியத்தானின் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் படிப்பை நடத்துகின்றன. மாணவர் டயாலிசிஸ் பிரிவிலும் அறுவை அரங்கிலும் நின்று பழகிவிட்டு வெளியே வருகிறார். வழி தெரியாமல் மற்றவர்கள் நிற்கவில்லை. செலவு என்பதால் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் யாராவது கத்தலின் கரிக்கோவின் பெயரை எடுப்பார். ஹங்கேரியிலிருந்து வந்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1995-இல் பதவி இறக்கப்பட்டு, விடாமல் எம்ஆர்என்ஏ ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டு, 2023-இல் நோபல் வாங்கியவர். பொறுத்தார் பூமியாள்வார் என்று ஆய்வு மாணவர்களுக்கு உபதேசம் செய்ய இந்தக் கதை வசதியாகிவிட்டது. கரிக்கோ வென்றதால் அவரைக் கீழிறக்கியது சரியாகிவிடாது. உபதேசம் செய்கிறவர்கள் டக்ளஸ் பிராஷரின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும். ஜெல்லிமீனின் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை 1992-இல் பிரித்தெடுத்தவர் அவர். ஆராய்ச்சிப் பணம் தீர்ந்ததும் அதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு அந்த வேலையிலிருந்தே விலகினார். அந்தப் புரதத்துக்காக 2008-இல் மூவர் நோபல் பெற்றபோது, அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பொறுமை அவருக்கும் இருந்தது.

கைடுகளுக்கும் ஒரு வார்த்தை. பணம் வராமல் அவர்களும் தவிக்கிறார்கள், சொந்தக் காசில் மாணவருக்கு மெஸ் பில் கட்டுகிறவர்களை நாம் அறிவோம். ஆனால் கட்டுரையில் மாணவர் பெயரைப் பின்னுக்குத் தள்ளுகிறவர்களையும், ஆய்வேட்டுச் சுருக்கமான சினாப்சிஸில் கையெழுத்துப் போடாமல் ஆறு மாதம் இழுத்து அதற்குள் இன்னொரு பேப்பரைப் பிழிந்தெடுப்பவர்களையும் அறிவோம். இவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய சட்டம் வேண்டாம். இருக்கிற விதியைப் படித்தால் போதும்.

குற்றத்தின் பெரும்பங்கு அரசுடையது, அதில் நமக்கு ஐயமில்லை. உதவித்தொகை சம்பளம்தான் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். யூசி தாமதமானால் நிறுவனத்தின் மேல்நிலைச் செலவுப் பணத்தை நிறுத்தட்டும். மாணவரின் சோற்றை நிறுத்த வேண்டாம். ஐந்தாண்டில் உதவித்தொகை முடிந்து, ஆறாம் ஆண்டு எலியையும் செல்லையும் பார்த்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்பவர்களுக்கு ஒரு வழி செய்யட்டும். மூன்று திட்டங்களில் தேர்ந்த கையை நிரந்தரமாக்கப் பணியிடம் உருவாக்கட்டும். தமிழக அரசும் ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கியதோடு வேலை முடிந்தது என்று இருக்கலாகாது. அங்கே வரும் ஆலைகளோடு நம் கல்லூரி மாணவரின் பயிற்சியைக் கட்டாயமாக முடிச்சுப்போட வேண்டும்.

அதோடு இன்னொன்று. வருமான வரிக் கணக்கு தாமதமானால், பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி போடுகிறது அரசு. தாமதமாகும் ஒவ்வொரு உதவித்தொகைக்கும் அதே 1 சதவீதத்தை மாணவரின் கணக்கில் சேர்த்துக் கட்டட்டும், அதைத் தாமதத்துக்குக் காரணமான அலுவலகத்தின் செலவில் எழுதட்டும். கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று இரண்டே மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.